குதிரை ஏறுமுன் கொட்டிலைப் பார்

மாடு, எருமை, ஆடு, கோழி என்று பேசிவரும் இப்பக்கங்களில் குதிரைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் குதிரை வளர்த்த விவசாயக் குடும்பத்தைக் காண்பது அரிது. ஏரில் பூட்டியது எருது. வயலை மிதித்துச் சேறாக்கியது எருமை. நெல் மூட்டையைக் களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது மாட்டுவண்டில். குதிரையை நம்மிற் பலர் கோயில் வாகனத்திலும், குதிரைமீது வரும் புனித யாகப்பரின் சுரூபத்திலுமே கண்டிருக்கிறோம்.

இருந்தும் இதை எழுத இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, 2009இல் யுத்தம் முடிந்தபின் பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் உல்லாச விடுதிகள் பெருகின. பயணிகளின் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்தினால், அல்லது குதிரையேற்றம் பழக்கினால், பிழைப்புக்கு ஒரு வழியாகுமே என்ற எண்ணம் இளைஞர் மனதில் எழுவது இயல்பு. இடம்பெயர்ந்த குடும்பத்தின் கையில் ஒரு தொகைப் பணம் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் வந்து சேரும். இழப்பீடாகவோ, வாழ்வாதார உதவியாகவோ, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காசாகவோ அது வரலாம். அந்தப் பணம் எந்த மிருகத்தின் கழுத்துக் கயிற்றுக்குப் போகிறது என்பது சிறிய விடயமல்ல.

இரண்டாவது, குதிரையேற்றம் கற்பிக்கும் சிறு பண்ணையின் அன்றாட ஒழுங்கு எந்த மிருகத்தை வளர்ப்பவருக்கும் பயன்படக்கூடியது. அங்கே மிருகம் பால் தருவதில்லை, இறைச்சி தருவதில்லை, வயல் உழுவதில்லை. தன் உடல்நலத்தையும் நல்ல குணத்தையும் கொண்டே அது உழைக்கிறது. அவை இரண்டும் கெட்டால் பண்ணையே இல்லை. ஆகவே ஒரு மணி நேரப் பாடத்துக்காக மீதி இருபத்துமூன்று மணி நேரமும் பராமரிப்பு நடக்கிறது.

நம் நாட்டில் குதிரை

குதிரை நம் நாட்டுக்குக் கடல் கடந்து வந்த மிருகம். நெடுந்தீவில் இன்றும் காட்டுக் குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்தவை அவை. ஒல்லாந்தர் காலக் குதிரை லாயத்தின் இடிபாடுகள் அங்கே நிற்கின்றன. பண்ணை கைவிடப்பட்டபின் குதிரைகள் தம் பாட்டில் விடப்பட்டன. கோடை நீண்டு நீர்நிலைகள் வற்றும்போது தாகத்தால் அவை மடிவதும் உண்டு. மன்னாரில் முன்பு பொதி சுமந்த கழுதைகளின் வழிவந்தவை இப்போது தெருவில் திரிகின்றன. நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் பயணிகளை ஏற்றும் மட்டக்குதிரைகளைக் காணலாம். அந்நகரத் தெருக்களில் குதிரைகள் தீனி தேடி அலைவதைப் பற்றிப் பத்திரிகைகள் பலமுறை எழுதியுள்ளன. வேலை இருக்கும்போது ஏறுவதும், வேலை இல்லாதபோது அவிழ்த்துவிடுவதும் பராமரிப்பு ஆகாது.

குதிரையை வாங்கத் தெரிந்து வளர்க்கத் தெரியாமற் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. மாணிக்கவாசகர் வரலாற்றில் பாண்டிய மன்னன் குதிரை வாங்கப் பொருள் கொடுத்தனுப்பிய கதையை எல்லாரும் அறிவோம். பாண்டிய நாட்டுக்கு மரக்கலங்களில் குதிரைகள் வந்தது வரலாற்று உண்மையே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரையோரமாகப் பயணம் செய்த வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ இதைப்பற்றி எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும் பொன்னுக்கு வாங்கப்பட்டன என்றும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றுட் பெரும்பாலானவை ஆண்டு முடியுமுன் இறந்தன என்றும் அவர் கூறுகிறார். இறைச்சியோடு சமைத்த சோற்றை அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்தார்களாம். குதிரை வைத்தியர்கள் அந்நாட்டுக்குப் போகாதபடி விற்பவர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதுகிறார். குதிரை செத்தால்தானே மறுபடியும் வாங்குவார்கள்! அறிவை மறைத்துப் பொருளை மட்டும் விற்கும் வியாபாரம் அன்றும் இருந்தது. விதை, மருந்து, இயந்திரம் வாங்கும் இன்றைய விவசாயியும் இதை நினைவில் வைப்பது நல்லது.

நம்மைப் போன்ற சுவாத்தியத்தில் குதிரையேற்றப் பள்ளி நடத்த முடியாது என்பதல்ல. புதுச்சேரிக்கு அண்மையில் 1968இல் உருவான ஆரோவில் குடியிருப்பில் 'ரெட் எர்த்' என்னும் குதிரையேற்றப் பள்ளி உண்டு. அப்பெயரின் பொருள் செம்மண். அங்கும் கோடையில் கடும் வெயில். அங்கும் வடகீழ்ப் பருவக்காற்றிலேயே பெருமழை. கீழே வருவது குறித்த ஒரு பள்ளியின் நாட்குறிப்பு அல்ல. இத்தகைய சிறு பண்ணைகள் பொதுவாகக் கைக்கொள்ளும் ஒழுங்கு ஆகும்.

நாள் எப்படி விடிகிறது

விடிகாலை ஐந்து மணிக்கு முதல் வேலை தொடங்குகிறது. அது தீனி வைப்பதல்ல, பார்ப்பது. இரவு வைத்த தண்ணீரில் எவ்வளவு குறைந்திருக்கிறது? இலத்தி வழமைபோல் கிடக்கிறதா? நாலு காலிலும் பாரம் ஒத்திருக்கிறதா, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா? காது அசைகிறதா? பட்டிக்காரர் ஒருவர் காலையில் மாடுகளைத் திறக்கும்போது செய்வதும் இதுவே. கண் பழகியவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது தண்ணீர். 300 கிலோகிராம் நிறையுள்ள மட்டக்குதிரை சாதாரண நாளில் 15 முதல் 25 லீற்றர் வரை குடிக்கும். வெயிலில் வேலை செய்தால் 40 லீற்றர் வரை வேண்டியிருக்கும். வாவிக்கரைக் கிராமங்களில் கோடையின் பிற்பகுதியில் கிணறுகள் சவர்த்துப்போவதை நாம் அறிவோம். தண்ணீர் பிடிக்காவிட்டால் குதிரை குறைவாகக் குடிக்கும். குறைவாகக் குடித்தால் வயிறு கட்டும். வீட்டுக்கே நல்ல தண்ணீருக்குப் பூவல் தோண்டும் இடத்தில் குதிரை வைக்க நினைப்பது வீண்.

பின்பு புல். குதிரையின் உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த தீனி நாளொன்றுக்கு வேண்டும். 300 கிலோ குதிரைக்கு அது 6 கிலோ காய்ந்த புல். பச்சைப் புல்லானால் 25 முதல் 30 கிலோ வரை. இதை ஒரே தடவையில் போடக்கூடாது. காலை, நண்பகல், மாலை, இரவு என்று பிரித்து, இரவுக்கே பெரும் பங்கை வைப்பார்கள். வேலை செய்யும் குதிரைக்கு ஊறவைத்த கொள்ளு போன்ற தானியமும் சிறிதளவு உண்டு. தானியம் தின்றபின் ஒரு மணி நேரமாவது கழியாமல் ஏறக்கூடாது.

குதிரை தின்னும்போது கொட்டில் கூட்டப்படுகிறது. ஒரு மட்டக்குதிரை நாளொன்றுக்குப் பதினைந்து கிலோ அளவில் இலத்தியிடும். அதை அப்படியே தோட்டத்தில் போட்டால் புல் விதை முளைத்துவிடும். குவித்து மூடி, உள்ளே சூடேறி மக்கவிட்ட பிறகே பயிருக்குப் போடவேண்டும். ஈரமான கொட்டிலில் ஈ பெருகும், குளம்பு அழுகும். ஆகவே கொட்டில் கூட்டுவது அழகுக்காக அல்ல.

அதன்பின் குளம்பு. நாலு குளம்பையும் தூக்கி, அடியில் ஒட்டிய மண்ணையும் கல்லையும் சிறு கொக்கியால் குதிப்பக்கமிருந்து நுனிப்பக்கமாகத் தோண்டி எடுக்க வேண்டும். நாளுக்கு ஒருமுறை, ஏறுமுன் ஒருமுறை, ஏறியபின் ஒருமுறை. குளம்பு நம் நகம்போல வளர்ந்துகொண்டே இருக்கும்; மாதத்துக்கு 6 முதல் 9 மில்லிமீற்றர் வரை வளரும். ஆறு தொடக்கம் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பழகிய கைகொண்டு சீவ வேண்டும். நன்கு தின்று கொழுத்த குதிரையும் குளம்பு கெட்டால் நிற்க முடியாது.

கடைசியாகத் தேய்ப்பு. பிரம்பு நார்த் தூரிகையால் உடல் முழுதும் தேய்த்து, சேணமும் வார்ப்பட்டையும் படும் இடங்களைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு முள்ளோ மணலோ இருந்தால் அரை மணி நேரத்தில் புண்ணாகும். நுகம் பட்ட எருதின் கழுத்துப் புண்ணை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாட வேளை

இத்தனையும் முடிந்து ஆறரை மணிக்குப் பிள்ளை வந்து சேர்கிறது. வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம், மாலை வெயில் தாழ்ந்தபின் ஒன்றரை மணி நேரம். அவ்வளவே பாட வேளை. ஒரு குதிரை ஒரு நாளில் இரண்டு, மிஞ்சினால் மூன்று பாடங்களுக்கு மேல் உழைப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை கால்நடைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

முதற் பாடம் ஏறுவதல்ல, கிட்டப் போவது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே தோள்பக்கமாக, பேசிக்கொண்டே போகவேண்டும். காது முன்னோக்கி நின்றால் கவனிக்கிறது. பிடரியோடு ஒட்டிப் படிந்தால் கோபம். தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நாம்பன் மாடு இழுத்துச் சென்று கை முறிந்தவர்களை நம் ஊர்களிலும் காணலாம்.

பிறகு ஏற்றம். இடப்பக்கமாகவே ஏறுவது வழக்கம். இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கவிட்ட போர்வீரர் காலத்திலிருந்து அது வந்தது என்பார்கள். தலைக்கவசம் இல்லாமல் எவரையும் ஏற்றக்கூடாது. தொடக்கத்தில் ஆசிரியர் நீண்ட கயிற்றைப் பிடித்து நடுவில் நிற்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமாக நடக்கும். பிள்ளை கடிவாளத்தைத் தொடாமல் உடலை நேராக வைத்து இருக்கப் பழகும். பார்வை முன்னே, குதிக்கால் கீழே, கை மெதுவாக. நடையில் இருக்கத் தெரிந்தபின் துள்ளுநடை, அதன்பின் பாய்ச்சல். நடையிலேயே பல வாரங்கள் போகும்.

யாரை ஏற்றலாம் என்பதற்கும் அளவுண்டு. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் நிறையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டக்கூடாது. 300 கிலோ மட்டக்குதிரைக்கு அது 60 கிலோ. ஆகவே அது பிள்ளைகளுக்கான குதிரை. பருத்த பயணி ஒருவர் இருமடங்கு காசு தருகிறேன் என்றாலும் இல்லை என்று சொல்லத் தெரியவேண்டும். குறைந்தது மூன்று, நாலு வயதாகுமுன் குதிரைமேல் பாரம் ஏற்றுவதும் தவறு. அதன் எலும்பு முற்ற அதற்கு மேலும் காலம் எடுக்கும்.

பாடம் முடிந்ததும் உடனே கொட்டிலில் கட்டக்கூடாது. மூச்சு அடங்கும்வரை நடத்தி, வியர்வையைக் கழுவி, தண்ணீரை வழித்து விடவேண்டும். பத்து மணி முதல் மூன்று மணி வரை நிழலில் ஓய்வு. அந்நேரத்தில் சேணமும் வாரும் துடைக்கப்படுகின்றன. நம் ஈரப்பதனில் தோல் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். இற்றுப்போன வார் பாதி வழியில் அறுந்தால் விழுவது ஒரு பிள்ளை.

மாட்டுக்கு ஆகும், குதிரைக்கு ஆகாது

மாடு வளர்த்த அனுபவம் பெரிய மூலதனம். ஆனால் அதை அப்படியே குதிரைக்குக் கொண்டுபோனால் ஆபத்து. மாடு அசைபோடும் மிருகம். அதன் பெரிய இரைப்பை நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும்; அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள் பல நஞ்சுகளை முறித்துவிடும். குதிரையின் இரைப்பையோ 8 முதல் 15 லீற்றர் வரைதான். அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. தவறான தீனி உள்ளே போனால் திரும்பி வர வழியில்லை. வயிற்றுக் குத்தால் நிலத்தில் புரண்டு, சில மணி நேரத்தில் இறந்த குதிரைகள் உண்டு.

நம் வளவுகளில் இருப்பவற்றையே பார்ப்போம்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாம் வெட்டிப்போடும் கிளிசிடியா இலை குதிரைக்கு நஞ்சாகும். இப்பில்-இப்பில் இலையைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். கோயில் முற்றங்களிலும் வீட்டு வாசல்களிலும் நிற்கும் அலரியின் இலை சிறிதளவு போதும், குதிரையைக் கொல்ல. அது மாட்டுக்கும் நஞ்சே.

வைக்கோல் மாட்டுக்கு வயிறு நிரப்பும். குதிரைக்கு அதில் சத்துப் போதாது. வேறு புல்லின்றி அதையே தின்றால் குடல் அடைக்கும். யூரியா சேர்த்துப் பதப்படுத்திய வைக்கோல் மாட்டுக்கென்று கண்ட முறை; குதிரைக்கு அதைப் போடக்கூடாது.

கோ-3 போன்ற நேப்பியர் புல்லும் கினிப் புல்லும் பாற்பசுவுக்கு நல்லவை. அவற்றிலுள்ள ஒக்சலேற்று என்னும் பொருள் கல்சியத்தைக் கட்டிவிடும். பசுவின் இரைப்பை அதை முறிக்கும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அரிசித் தவிட்டில் பொசுபரசு அதிகம், கல்சியம் குறைவு. புல்லும் இது, தவிடும் இது என்று மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு நலிந்து முகம் வீங்கும் நோய் வரும். கலப்புப் புல்லும் கல்சியமும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

சில கோழித் தீவனங்களிலும் மாட்டுத் தீவனங்களிலும் கலக்கும் மொனென்சின் என்னும் மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கும். பூஞ்சணம் பிடித்த சோளனும் அவ்வாறே கொடியது; அது மூளையைக் கெடுக்கும். மாரியில் நனைந்த தீனியை வீணாக்க மனமில்லாமல் குதிரைக்குப் போடுவது குதிரையையே வீணாக்குவதாகும்.

வெயிலும் மாரியும்

மாட்டைவிடக் குதிரைக்கு வியர்வை அதிகம். வியர்வையோடு உப்பும் போகும். ஆகவே நக்குவதற்கு உப்புக்கட்டி எப்போதும் இருக்கவேண்டும். சூடும் ஈரப்பதனும் கூடிய நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுவிடும். வேலை செய்தும் உடல் காய்ந்திருந்து, மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் அது பெரிய அபாய அறிகுறி. சுகமான குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை; ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை. இவ்விரண்டையும் கொட்டில் தூணில் எழுதி வைத்தால் யாரும் பார்த்து அறியலாம்.

மாரியில் குளம்பே முதற் கவலை. தண்ணீர் தேங்காத மேட்டில், கிறவல் போட்டு உயர்த்திய தரை வேண்டும். பட்டியில் நுளம்புக்குப் புகை போடுவது நம் வழக்கம். மூடிய கொட்டிலில் குதிரைக்கு அதைச் செய்யக்கூடாது. குதிரையின் நுரையீரல் புகையாலும் தூசியாலும் எளிதிற் கெடும். காற்றோட்டமும் வலையுமே தக்கவை.

ஏற்புவலி நோய் மிக எளிதாகப் பற்றும் மிருகங்களில் குதிரை முதன்மையானது. துருப்பிடித்த ஆணியும் முட்கம்பியும் மண்ணில் புதைந்து கிடக்கும் வளவுகள் நம் பகுதியில் ஏராளம். ஆகவே தடுப்பூசி இன்றிக் குதிரை வைக்கக்கூடாது. முட்கம்பி வேலியும் கூடாது. வெருண்டு ஓடும் குதிரை கம்பியைப் பார்த்து நிற்பதில்லை. மரச்சட்டம் அல்லது உயிர்வேலி நல்லது. ஆனால் அந்த உயிர்வேலி கிளிசிடியாவாக இருக்கலாகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குதிரை நின்றபடியே அயரும். ஆயினும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுக்கவேண்டும். பயமான இடத்தில் அது படுப்பதில்லை. கூட்டத்தில் ஒன்று காவல் நிற்க மற்றவை படுக்கும். முகாமில் இரவு கழித்தவர்களுக்கு இது விளங்கும். ஆகவே தனியே ஒரு குதிரை வைப்பது கொடுமை, இரண்டாவது இருக்கவேண்டும்.

நடக்க இயலாத பிள்ளைக்கு நாலு கால்

குதிரையேற்றம் பணக்காரர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. அதன் மறுபக்கத்தையும் அறியவேண்டும். டென்மார்க் நாட்டைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்னும் பெண்மணி 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்தார். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்த அவர், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் குதிரையை நயமாக நடத்தும் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவரது வெற்றி பல நாடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சிக்கு ஊக்கம் தந்தது. பிரித்தானியாவில் 1969இல் இதற்கென்றே ஒரு சங்கம் அமைந்தது.

இதன் காரணம் எளிது. நடக்கும் குதிரையின் முதுகு அசையும் விதம், நடக்கும் மனிதரின் இடுப்பு அசையும் விதத்தை ஒத்தது. தானாக நடக்க இயலாத பிள்ளை அதன்மேல் இருக்கும்போது இடுப்பும் முதுகும் அந்த அசைவைப் பழகுகின்றன. மருத்துவரும் உடற்பயிற்சி சிகிச்சையாளரும் கூடவிருந்தே இது செய்யப்படவேண்டும். நம் நாட்டில் மன்னாரில் 'பிரிட்ஜிங் லங்கா' என்ற அமைப்பு கழுதைகளுக்கு ஒரு சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தி, விசேட தேவையுள்ள பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவிடும் முயற்சியையும் தொடங்கியது. தெருவில் எவருக்கும் வேண்டாததாகத் திரிந்த மிருகமும், வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்ட பிள்ளையும் ஒன்றுக்கொன்று துணையானது சிந்திக்கத்தக்கது. குருத்து ஞாயிறன்று ஆண்டவர் தெரிந்துகொண்டதும் போர்க்குதிரையை அல்லவே.

கணக்குப் பார்ப்போம்

பாசிக்குடாவுக்குப் பயணிகள் பெருமளவில் வருவது சித்திரை முதல் புரட்டாதி வரை. ஐப்பசி தொடக்கம் தை வரை மழை. குதிரை ஏறக்குறைய ஆறு மாதம் உழைத்துப் பன்னிரண்டு மாதம் உண்ணும். பசு பால் தரும், கன்று தரும். ஆடு அவசரத்துக்கு விற்கக் கைகொடுக்கும். குதிரை பதினொரு மாதம் சுமந்து ஒரு குட்டி ஈனும். அதை வாங்க நம் சந்தையில் ஆள் தேடவேண்டும். நன்கு பராமரித்தால் இருபத்தைந்து, முப்பது ஆண்டு வாழும். பாடத்துக்கு உதவாத முதுமையிலும் பல ஆண்டு தீனி வேண்டும்.

நம் கால்நடை வைத்திய அலுவலகங்களின் அன்றாட வேலை மாடு, ஆடு, கோழியோடுதான். குளம்பு சீவும் தொழில் தெரிந்தவர் நம் பகுதியில் எளிதிற் கிடைக்கமாட்டார். மேய்ச்சல் தரையோ மாட்டுக்கே போதாது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் தொடர் போராட்டம் தொடங்கியதை அனைவரும் அறிவர்.

ஆகவே தெளிவாகச் சொல்வோம்: மீளக் குடியேறிய ஒரு குடும்பம் தன் ஒரே கைப்பணத்தைக் குதிரையில் போடக்கூடாது. இளைஞர் எவருக்காவது உண்மையான ஆர்வம் இருந்தால், முதலில் இயங்கும் பள்ளியொன்றில் ஓராண்டாவது லாயப் பணியாளராக இருந்து கொட்டில் கூட்டி, குளம்பு பார்த்துப் பழகட்டும். குளம்பு சீவும் தொழிலைக் கையோடு கற்றுவந்தால் அதுவே ஒரு பிழைப்பாகும். குதிரை அதன் பிறகு வரட்டும். அதையும் சங்கமாகக் கூடிச் செய்யட்டும்.

ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

குதிரை வேண்டாம் என்று முடிவு செய்பவரும் அப்பண்ணையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. குதிரையை எங்கே கட்டினாலும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சிலேயே கட்டுவார்கள். கயிற்றைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, நுனியை முழுதாக நுழைக்காமல், மடித்த வளைவாக நுழைத்து இறுக்குவது. மிருகம் இழுத்தால் இறுகும். நாம் நுனியை இழுத்தால் உடனே அவிழும். அதோடு கயிற்றை நேரே கம்பத்தில் கட்டாமல், கம்பத்தில் ஒரு சணல் வளையம் போட்டு அதில் கட்டுவார்கள். மிருகம் உயிருக்குப் பயந்து இழுத்தால் சணல் அறுந்துவிடும்.

இதன் பெறுமதி நமக்கே நன்கு தெரியும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி, 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வு, 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை, 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வெளியேறியது, 2011 தை மாத வெள்ளம். இவை ஒவ்வொன்றிலும் கட்டிய கயிற்றோடு மடிந்த மாடுகள் உண்டு. அவிழ்த்துவிட நேரம் கிடைத்த வீட்டுக்காரரின் மாடுகள் சில திரும்பி வந்தன. யுத்தம் ஓய்ந்தாலும் வெள்ளமும் புயலும் ஓயவில்லை. இன்றே உங்கள் தொழுவத்து முடிச்சுகளைப் பாருங்கள். இருட்டில், மழையில், வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளையால் அவற்றை அவிழ்க்க முடியுமா? முடியாவிட்டால் மாற்றிக் கட்டுங்கள். வெள்ளத்தில் மந்தை ஒதுங்கக்கூடிய மேட்டு நிலம் எது என்பதை அயலவரோடு கூடி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

சுருக்கமாக, எந்த மிருகத்தை வளர்த்தாலும் கவனிக்கவேண்டியவை இவை:

1. காலையில் தீனிக்கு முன் பார்வை. தண்ணீர், சாணம், கால், காது ஆகிய நான்கையும் பாருங்கள்.

2. வாங்குமுன் கோடைக் கடைசியின் தண்ணீரையும் மாரியின் தரையையும் எண்ணுங்கள்.

3. ஒரு மிருகத்தின் தீனி இன்னொன்றுக்கு நஞ்சாகலாம். கேட்டறிந்தே கொடுங்கள்.

4. உழைக்கும் மிருகத்துக்கு நிழலும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கொடுங்கள்.

5. தடுப்பூசி நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

6. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சில் கட்டுங்கள்.

நீதிமான் தன் கால்நடையின் உயிரைப்பற்றிக் கரிசனை கொள்வான் என்று நீதிமொழிகள் நூல் கற்பிக்கிறது. கரிசனை என்பது இரக்கப்படுவது மட்டுமல்ல, அறிந்து செய்வது. நிலத்தையும் மந்தையையும் இழந்து மீண்டும் தொடங்கும் நம் குடும்பங்களிடம் இன்று பணம் குறைவாக இருக்கலாம். ஆனால் தலைமுறையாக மாட்டோடு வாழ்ந்த கண்ணும் கையும் இருக்கின்றன. அந்த அறிவோடு புதியதையும் கேட்டுக் கற்று, ஆறுதலாகக் கணக்குப் பார்த்து, அதன் பிறகே கயிற்றைக் கையில் வாங்குவோம்.